கிருமிக்கொல்லி மருந்தும் கணினியின் துணையும்

சிறப்பு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, "ஆன்மீகம் எழுத என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்ததெல்லாம் காய்ச்சலும் இருமலும்தான்" என்றேன். "அப்படியானால் அதையே எழுதுங்கள்" என்றார்கள். ஆகவே காய்ச்சலுக்கும் இருமலுக்கும் நாம் வாங்கி விழுங்கும் ஒரு மருந்தைப் பற்றியும், அதை எழுதும் வைத்தியரின் கையை ஒரு கணம் நிறுத்திக் கேள்வி கேட்கும் கணினியைப் பற்றியும் எழுதத் துணிந்தேன்.

பேராக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1984 முதல் 2018 வரை 34 ஆண்டுகள் கிளினிக் நடத்தினேன். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். பிறகு தோட்டங்களை விட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போன அவர்களுடைய பிள்ளைகள். காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தால், மதியத்திற்குள் நாற்பது பேரைப் பார்த்தாக வேண்டும். அவர்களில் பாதிப் பேருக்குச் சளி, இருமல், தொண்டைவலி, காய்ச்சல். "டாக்டர் ஐயா, பவர் மருந்தா கொடுங்க. நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்பார்கள். பவர் மருந்து என்று அவர்கள் கேட்டது ஆண்டிபயாட்டிக் எனப்படும் கிருமிக்கொல்லி மருந்தை. நானும் கொடுத்தேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறர் தவற்றைச் சுட்டிக்காட்ட நான் இக்கட்டுரையை எழுதவில்லை.

கிருமிகளில் பல வகை உண்டு. நமக்கு இங்கே வேண்டியவை இரண்டு. ஒன்று பாக்டீரியா, மற்றொன்று வைரஸ். கிருமிக்கொல்லி மருந்து பாக்டீரியாவின் சுவரை உடைக்கும், அல்லது அது புரதம் செய்யும் பட்டறையை அடைத்துவிடும். வைரஸுக்குச் சுவருமில்லை, சொந்தப் பட்டறையுமில்லை. நம் உடலின் உயிரணுவுக்குள் புகுந்து அதன் பட்டறையையே பயன்படுத்திக்கொள்ளும். ஆகவே இம்மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. சாதாரணச் சளி, ஃபுளூ, நம் நாட்டை ஆட்டிப்படைக்கும் டிங்கி, பெரும்பாலான தொண்டைவலி, இவையெல்லாம் வைரஸால் வருபவை.

இவ்வளவு தெரிந்த வைத்தியர் ஏன் எழுதுகிறார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதற்காரணம் அச்சம். நூறு இருமல்களில் ஒன்று நிமோனியாவாக இருந்து, அதை நான் தவறவிட்டால்? தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர் மறுநாள் திரும்ப வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது, நேரம். மருந்து வேண்டாம் என்று விளக்க ஆறு நிமிடம் பிடிக்கும். எழுதிக் கொடுக்க அரை நிமிடம் போதும். மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். நம் நாட்டில் தனியார் வைத்தியரே மருந்தையும் விற்கிறார். ஆலோசனைக் கட்டணம் சொற்பம். மருந்தில்தான் கிளினிக் வாடகையும் தாதிமார் சம்பளமும் வரவேண்டும். வெறுங்கையோடு அனுப்பினால் பில்லில் எழுத எதுவும் இருக்காது. நோயாளியும் எதிர்ச்சாரியிலுள்ள கிளினிக்குக்குப் போய்விடுவார்.

2014-இல் நம் நாட்டின் ஆரம்பநிலை கிளினிக்குகளில் எடுக்கப்பட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அரசாங்க கிளினிக்குகளுக்கு வந்தவர்களில் 6.8 விழுக்காட்டினருக்குக் கிருமிக்கொல்லி எழுதப்பட்டது. தனியார் கிளினிக்குகளில் 30.8 விழுக்காடு. இரு இடங்களுக்கும் வரும் நோயாளிகள் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த இடைவெளி முழுவதையும் நோயின் மேல் போட்டுவிட முடியாது. அந்த முப்பதில் நானும் ஒருவன்.

தேவையில்லாமல் தின்றால் என்ன கெட்டுப்போகும்? மருந்து நம் உடலிலுள்ள எல்லாப் பாக்டீரியாக்களையும் தாக்குகிறது. பலமற்றவை மடிகின்றன, தப்பிப் பிழைத்தவை பெருகுகின்றன, தப்பித்த வித்தையைத் தம் இனத்தாருக்கு மட்டுமன்றிப் பக்கத்திலுள்ள வேறு இனத்திற்கும் கொடுத்துவிடுகின்றன. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே இந்த ஆபத்தை எச்சரித்தார். 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று 2022-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பு கூறுகிறது. அதே கிருமிகள் உடன் சேர்ந்திருந்த மரணங்களையும் கூட்டினால் 49 லட்சத்து 50 ஆயிரம்.

அந்த எண்கள் என் வீட்டு வாசற்படியை மிதித்தது அதே 2019-இல்தான். என் மனைவிக்குச் சிறுநீர்த் தொற்று. முன்பெல்லாம் ஐந்து நாள் மாத்திரையில் தீரும் நோய். சிறுநீர்ச் சோதனை முடிவில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன; ஒவ்வொன்றின் எதிரிலும் 'அடங்காது' என்ற குறி. வாய்வழி மருந்து ஒன்றுகூட மிஞ்சவில்லை. மருத்துவமனையில் சேர்த்து ஒரு வாரம் ஊசிமூலம் மருந்து ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். அவருடைய உடலில் அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 34 ஆண்டுகளாக அந்த வீட்டில் யாருக்கு இருமினாலும் அலமாரியைத் திறந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான்.

இனிக் கணினிக்கு வருவோம்.

கணினியைக் கொண்டு கிருமிக்கொல்லி தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணம் புதியதன்று. 1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 'மைசின்' என்றொரு நிரலை உருவாக்கினார்கள். எரித்ரோமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் என்று பல மருந்துகளின் பெயர் அப்படி முடிவதால் வந்த பெயர். 'இப்படி இருந்து, இதுவும் இருந்தால், இந்தக் கிருமியாக இருக்கலாம்' என்ற பாணியில் சில நூறு விதிகள் அதற்குள் இருந்தன. 1979-இல் வெளியான சோதனை ஒன்றில், மூளைக்காய்ச்சல் நோயாளிகள் பத்துப் பேரின் விவரங்களை அதற்கும் பேராசிரியர்களுக்கும் கொடுத்து, எந்தப் பதில் யாருடையது என்று சொல்லாமல் வெளி நிபுணர்களிடம் மதிப்பிடச் செய்தார்கள். மைசினின் பரிந்துரைகளில் 65 விழுக்காடு ஏற்கத்தக்கவை என்றனர், பேராசிரியர்கள் 42.5 முதல் 62.5 விழுக்காடு வரையே பெற்றார்கள். அவ்வளவு கெட்டிக்கார நிரல், ஒருநாளும் அன்றாடச் சிகிச்சைக்கு வரவில்லை. நோயாளியின் விவரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்கள்? கருவி கெட்டிக்காரத்தனமாக இருப்பதைவிட, வேலைக்கு இடையூறின்றி இருப்பது முக்கியம் என்பதை அன்றே அது காட்டிவிட்டது.

இன்றுள்ள கருவிகள் அதைவிட எளியவை. சில, மதிப்பெண் போடும். தொண்டைவலிக்கு 1981-இல் அமெரிக்க வைத்தியர் ராபர்ட் சென்டர் வகுத்த முறை இதற்கு நல்ல உதாரணம். காய்ச்சல் இருக்கிறதா? இருமல் இல்லாமல் இருக்கிறதா? கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டி வலிக்கிறதா? உள்நாக்குப் பக்கத்துச் சதையில் வீக்கமோ சீழோ தெரிகிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். பின்னால் வந்தவர்கள் வயதையும் சேர்த்தார்கள். 3 முதல் 14 வயது வரை ஒன்று கூட்டவேண்டும், 45 வயதோ அதற்கு மேலோ என்றால் ஒன்று கழிக்கவேண்டும். மதிப்பெண் குறைவாக இருந்தால் பாக்டீரியாவாக இருக்கும் வாய்ப்பும் குறைவு. இருமல் இருந்தால் ஏன் மதிப்பெண் இல்லை என்று பலர் கேட்பதுண்டு. இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் வைரஸின் வேலை; அதனால்தான்.

வேறு சில கருவிகள் மதிப்பெண் போடாமல் கேள்வி மட்டும் கேட்கும். 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றை நான் பலமுறை படித்திருக்கிறேன். பாஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ் பகுதிகளில் 47 கிளினிக்குகள், 248 வைத்தியர்கள். சளிக்கு வைத்தியர் கிருமிக்கொல்லி எழுதப் போனால், சில கிளினிக்குகளில் கணினி, 'இதற்குப் பதில் இவற்றைக் கொடுக்கலாமே' என்று மாற்று மருந்துகளைக் காட்டியது. சிலவற்றில், 'ஏன் எழுதுகிறீர்கள்? காரணத்தை எழுதுங்கள், அது நோயாளியின் பதிவேட்டில் எல்லாரும் பார்க்கும்படி நிற்கும்' என்றது. காரணம் எழுதாமல் விட்டால், 'காரணம் கூறப்படவில்லை' என்று அதுவே எழுதிக்கொள்ளும்! இன்னும் சிலருக்கு, 'உம் சக வைத்தியர்களோடு ஒப்பிட்டால் நீர் இந்த இடத்தில் இருக்கிறீர்' என்று மாதந்தோறும் கடிதம் அனுப்பினார்கள்.

காரணம் கேட்ட இடங்களில் தேவையற்ற மருந்து எழுதுவது 23.2 விழுக்காட்டிலிருந்து 5.2-க்கு இறங்கியது. ஒப்பிட்டுக் காட்டிய இடங்களில் 19.9-லிருந்து 3.7. ஒன்றுமே செய்யாத இடங்களிலும் 24.1-லிருந்து 13.1 ஆகக் குறைந்தது என்பதையும் சொல்லவேண்டும். கவனிக்கப்படுகிறோம் என்ற நினைப்பே பாதி வேலையைச் செய்துவிடுகிறது போலும். மாற்று மருந்து காட்டிய முறை மட்டும் உறுதியான வேறுபாட்டைத் தரவில்லை. புதிய அறிவு எதையும் இந்தக் கணினி வைத்தியருக்குக் கற்றுத்தரவில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை, மருந்து எழுதும் அந்த நொடியில், நாலு பேர் பார்க்கச் சொல்ல வைத்தது, அவ்வளவே. முயற்சி நின்ற பிறகு எண்கள் மெல்ல மறுபடியும் ஏறின.

பிரிட்டனில் 79 கிளினிக்குகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வின் பலன் இன்னும் அடக்கமானது. மாதாந்திர அறிக்கையும் கணினித் துணையும் சேர்ந்து சுவாச நோய்களுக்கான கிருமிக்கொல்லியை ஏறத்தாழ 12 விழுக்காடு குறைத்தன. ஆனால் 15 வயதுக்குட்பட்டவர்களிடமும் 85 வயதுக்கு மேற்பட்டவர்களிடமும் பலன் தென்படவில்லை. எனக்கு அதில் வியப்பில்லை. குழந்தையும் கிழவரும் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வைத்தியரின் அச்சம்தான் பேனாவைப் பிடிக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் உண்மையான மாற்றத்தைக் காட்டியது பணக்கார நாடு அன்று, ஆப்பிரிக்காவிலுள்ள தான்சானியா. இதைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனெனில் அந்த நாட்டுச் சிற்றூர் மருந்தகங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நம் பழைய தோட்ட மருந்தகமும் டிரஸரும் என் கண்முன் வந்து நிற்கிறார்கள். அங்கும் பல இடங்களில் நோயாளியைப் பார்ப்பவர் முழுப் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். சில ஆண்டுப் பயிற்சி பெற்ற மருத்துவ அலுவலர். ஆய்வுக்கூடம் அருகில் இருக்காது.

முன்பு அங்கே குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மலேரியா மருந்து கொடுப்பார்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மலேரியா உண்டா இல்லையா என்று சொல்லும் துரிதச் சோதனை வந்தது. 'இல்லை' என்று வந்த குழந்தைகளுக்கு என்ன கொடுப்பது? கிருமிக்கொல்லி. ஒரு மருந்து போய் மற்றொன்று வந்தது. அப்போது காய்ச்சலோடு வந்த 1,005 குழந்தைகளை முழுமையாகச் சோதித்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வின்படி 70.5 விழுக்காட்டினருக்கு வைரஸ் நோய். பாக்டீரியா நோய் இருந்தது 22 விழுக்காட்டினருக்கே. அந்த 22 பேர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் சிக்கல்.

சுவிட்சர்லாந்து, தான்சானிய நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து இதற்கென்று ஒரு கருவியைச் செய்தார்கள். கையடக்கக் கணினியில் ஓடும் அதன் பெயர் 'ஈபாக்ட் பிளஸ்'. குழந்தையின் வயது, எடை, வந்த காரணம் ஆகியவற்றைக் கேட்கும். பிறகு பதிலுக்கேற்பக் கிளை பிரிந்து அடுத்த கேள்விக்குப் போகும். இருமுகிறதா? அப்படியானால் ஒரு நிமிடம் மூச்சை எண்ணு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேலும் போனால் அது வேகமான மூச்சு. எண்ணாமலே 'மூச்சு வேகமாக இருக்கிறது' என்று நானே எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! விரலில் மாட்டி ரத்தத்தின் பிராணவாயு அளவைப் பார்க்கும் சிறு கருவியும் உடன் உண்டு. தேவைப்படும் குழந்தைக்கு மட்டும் விரல்நுனி ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற புரதத்தை அளக்கச் சொல்லும். கடுமையான பாக்டீரியா தொற்றில் அந்தப் புரதம் மிக உயரும். சாதாரண வைரஸ் காய்ச்சலில் பெரும்பாலும் அவ்வளவு ஏறாது. கடைசியில் நோய் இன்னதாக இருக்கலாம், மருந்து இன்னது, இந்த எடைக்கு இவ்வளவு அளவு என்று காட்டும். முடிவை ஏற்பதும் தள்ளுவதும் மருத்துவ அலுவலர் கையில்.

40 சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டு, பாதியில் கருவியைக் கொடுத்தும் பாதியில் கொடுக்காமலும் சுமார் 44 ஆயிரம் குழந்தை வருகைகளைக் கவனித்தார்கள். 2024-இல் முடிவு வெளியானது. கருவியில்லாத இடங்களில் 70.1 விழுக்காட்டினருக்குக் கிருமிக்கொல்லி எழுதப்பட்டது. கருவியுள்ள இடங்களில் 23.2 விழுக்காடு. மேலே சொன்ன 22 விழுக்காட்டை நினைவிற்கொள்ளுங்கள். அது வேறு குழந்தைகள், வேறு கணக்கு. இரண்டையும் நேராக ஒப்பிடக்கூடாது. ஆனாலும் எழுதப்பட்ட அளவு, தேவைப்படும் அளவின் பக்கத்தில் வந்துவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

மருந்தை நிறுத்தியதால் குழந்தைகள் கெட்டுப்போனார்களா என்பதல்லவா தாயார் கேட்கும் கேள்வி? ஏழாம் நாள் விசாரித்தார்கள். நோய் தீராமலோ முற்றியோ போனவர்கள் கருவியுள்ள இடத்தில் 3.7 விழுக்காடு, இல்லாத இடத்தில் 3.8. வித்தியாசமில்லை. என் அச்சத்திற்கு இத்தனை ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பதில் இது.

இப்போது என் கதை. 2021 முதல் செவ்வாயும் வியாழனும் ஓர் இளம் வைத்தியரின் கிளினிக்கில் காலையில் உதவியாக உட்காருகிறேன். தோட்டத்து மண்டோரின் மகள். சிறுமியாக இருந்தபோது என்னிடம் ஊசி போட்டுக்கொண்டு அழுதவர். என்னை 'அங்கிள்' என்றுதான் அழைப்பார். நம் சுகாதார அமைச்சின் தேசிய வழிகாட்டி நூலைப் பார்த்து, தொண்டைவலி, இருமல், காதுவலி, சிறுநீர்க் கடுப்பு ஆகிய நான்கிற்கு மட்டும் கேள்விப் பட்டியல் ஒன்றைக் கையடக்கக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார். முதல் மாதம் அந்தப் பலகையைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். நேற்று முளைத்த பெட்டி, என்னை ஏன் என்று கேட்பதா?

ஒருநாள் மார்க்கெட்டில் காய்கறி விற்கும் அம்மையார் வந்தார். வயது 52. தொண்டைவலி, இருமல், மூக்கொழுகல், காய்ச்சல் லேசாக 37.6 பாகை. கேள்விகளுக்குப் பதில் தட்டினேன். மதிப்பெண் பூஜ்யத்திற்கும் கீழே.

"அம்மா, இதுக்குப் பவர் மருந்து வேண்டாம். ஒரு வாரத்தில் தானாகவே அடங்கும். பனடோலும் தொண்டைக்கு உப்பு வெந்நீரும் போதும்" என்றேன்.

"என்ன டாக்டர் ஐயா, முன்னெல்லாம் நீங்கதானே கொடுப்பீங்க? இப்ப அந்தப் பெட்டி சொல்லுதுன்னு வேணாங்கறீங்க" என்றார்.

விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்து மார்க்கெட்டில் சந்தித்தேன். அன்றே வேறோர் இடத்திற்குப் போய் நாற்பது வெள்ளி கொடுத்து மாத்திரை வாங்கியதாகவும், நாலே நாளில் தொண்டை சரியாகிவிட்டதாகவும் சொல்லி, எனக்குக் கத்தரிக்காயில் ஒரு வெள்ளி குறைத்தார். மறுத்துப் பேச என்னிடம் என்ன இருக்கிறது? நோய் தானே தீர்ந்தது, பெயர் மருந்துக்குப் போனது. இந்த ஒரு நம்பிக்கையை எந்தக் கணினியாலும் எதிர்த்து நிற்க முடியாது.

கணினிக்கும் குறைகள் உண்டு. அவற்றை மறைத்து எழுதினால் இது விளம்பரமாகிவிடும். அடிக்கடி குறுக்கிட்டால் வைத்தியர் படிக்காமலே மூடிவிடுவார். கதவு மணி நாள்முழுதும் அடித்தால் யார் போய்த் திறப்பார்கள்? சிலர் கேள்வியிலிருந்து தப்ப, 'சளி' என்பதை 'நிமோனியா' என்று மாற்றிப் பதிவு செய்துவிடலாம். எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்பது ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே கருவியைப் புதுப்பிக்க ஆளும் பணமும் என்றென்றும் வேண்டும். வாங்கிக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை.

அதைவிடப் பெரிய குறையை என் சொந்த அனுபவத்தில் கண்டேன். 1990-களில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குக் கடும் காய்ச்சல், தொண்டைச் சதையில் வெள்ளைப் படலம், கழுத்தில் நெறி. அமாக்ஸிசிலின் கொடுத்தேன். சில நாளில் உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. அட்டையில் சிவப்பு மையால் 'பெனிசிலின் ஒவ்வாமை' என்று பெரிதாக எழுதினேன். ஆண்டுகள் பல கழித்து, காலில் சீழ்பிடித்து வேறோர் ஊர் மருத்துவமனையில் படுத்தெழுந்த அவர், பில்லைக் கொண்டுவந்து காட்டினார். பெனிசிலின் வகை கூடாது என்று இவர் சொன்னதால் விலையுயர்ந்த வேறு மருந்து கொடுத்திருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எப்ஸ்டைன் பார் என்ற வைரஸால் வரும் காய்ச்சலில் தொண்டை அப்படியே இருக்கும். அதற்கு அமாக்ஸிசிலின் கொடுத்தால் அப்படித் தடிப்பதும் தெரிந்த விஷயம். அது நிரந்தர ஒவ்வாமையாக இருக்கவேண்டியதில்லை.

அன்று என்னிடம் இந்தக் கணினி இருந்திருந்தால் காப்பாற்றியிருக்குமா? உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருமல் இல்லை, காய்ச்சல் உண்டு, நெறி உண்டு, சதையில் படலம் உண்டு, வயது 14. முழு மதிப்பெண்! கொடு என்றுதான் சொல்லியிருக்கும். தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுக்கும் துரிதச் சோதனை ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தால் ஒருவேளை நின்றிருப்பேன். இந்தக் கதையைக் கேட்ட பிறகு, நம் இளம் வைத்தியர் தம் பட்டியலில் அந்தச் சோதனையைச் சேர்த்துவிட்டார். அந்த மனிதரையும் தேடிப்பிடித்து, ஒவ்வாமைச் சோதனைக்கு அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் போகவில்லை, வேலை அதிகமாம்.

இப்போது நாங்கள் இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது மொழியோடு. நோயாளி காத்திருக்கும்போதே கேள்விகளுக்குத் தாமே பதில் தட்டும்படி தமிழில் ஒரு பக்கம் வேண்டுமென்றார். எளிது என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். முதல் கேள்வியிலேயே முட்டிக்கொண்டது. 'சளி இருக்கிறதா?' என்று கேட்டால் மூக்கில் வருவதா, நெஞ்சில் கட்டியிருப்பதா, ஜலதோஷமா? மூன்றையும் நாம் சளி என்றுதான் சொல்கிறோம். கருவிக்கோ மூன்றும் மூன்று பாதை. 'காய்ச்சல் உண்டா?' என்றால், "உள்காய்ச்சல் இருக்கு" என்பார் பாட்டி, வெப்பமானியில் 36.8 பாகை காட்டும். இப்போது 'வெப்பமானியில் பார்த்தீர்களா? எவ்வளவு?' என்று மாற்றியிருக்கிறோம்.

எல்லாவற்றிலும் கடினமானது கடைசிப் பக்கம். மருந்தில்லாமல் வீட்டுக்கு அனுப்பும்போது, எவை கண்டால் உடனே திரும்ப வரவேண்டும் என்று அதில் எழுதவேண்டும். மூச்சு வாங்குதல், தண்ணீர்கூடக் குடிக்க முடியாமை, விடாத வாந்தி, வயிற்றில் கடும் வலி, ஈறில் ரத்தம். கடைசி மூன்றும் டிங்கிக்காக. இதுவரை சரி. அடுத்தது, குழந்தை எழுப்பினாலும் சரியாக எழாமல் துவண்டு கிடத்தல். 'மயக்கம்' என்று எழுதினேன். தாதி ஒருவர் படித்துவிட்டு, "டாக்டர், எங்கம்மா தலைசுத்தினாலே மயக்கம்னுதான் சொல்வாங்க" என்றார். 'சோர்வு' என்று மாற்றினால், காய்ச்சல் வந்த எல்லாப் பிள்ளையும் சோர்ந்துதான் இருக்கும். 'அரைத்தூக்கம்' என்றார் இளம் வைத்தியர். அது வானொலிச் செய்தி போல் இருக்கிறதென்று நான் தள்ளிவிட்டேன். போன வியாழக்கிழமை எழுதி வைத்தது இது: 'பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், தட்டி எழுப்பினாலும், வழக்கம்போல் கண் திறந்து உங்களைப் பார்க்கவில்லையா? நேரம் பார்க்காமல் வாருங்கள்.' வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த தாய்மார் நால்வரிடம் படித்துக் காட்டினோம். மூவருக்குப் புரிந்தது. நான்காமவர், "நேரம் பார்க்காமன்னா ராகு காலமா?" என்று கேட்டார். இந்தச் செவ்வாய்க்கிழமை 'ராத்திரியானாலும் வாருங்கள்' என்று திருத்தப் போகிறோம். கிளினிக் இரவு ஒன்பதுக்கு மூடிவிடுவதால், அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வழியும் அதன் கீழே போடவேண்டும்.